நங்கநல்லூர் கேப்டன்

சென்னையிலிருந்து லண்டன் போகப் பத்து மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். எங்கள் கேப்டன் ராத்திரி சாப்பாடு முடிந்ததும் கிளம்புவார். யூனிஃபார்ம் லுங்கியும் முண்டா பனியனும். மீனம்பாக்கத்தின் 25-ஆம் எண் ஓடுபாதையிலிருந்து போயிங் 777-ஐக் கிளப்பி, முப்பத்து நாலாயிரம் அடிக்குக் கொண்டுபோய், ஆட்டோபைலட்டிடம் ஒப்படைத்துவிட்டுப் பாலைக் குடித்துப் படுத்துவிடுவார். விடியற்காலையில் எழுந்து பல் தேய்க்கும்போது விமானம் கருங்கடலைத் தாண்டிக்கொண்டிருக்கும். ஒருநாள் ருமேனியா பக்கத்தில் வரும்போது நங்கநல்லூரில் கரண்ட் போய்விட்டது. அன்றைக்கு வாங்கியதுதான் இன்வெர்ட்டர். அந்த வீட்டில் ஃபேன் நின்றாலும் போயிங் நிற்காது.

மனுஷர் விருப்ப ஓய்வு வாங்கிய வங்கி அதிகாரி. ஸ்கூட்டர் ஓட்டத் தெரியாது. மாமிதான் வண்டியை ஓட்டிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போவார். இவர் பின்னால் பையை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முக்கிலும் “லெஃப்ட் கிளியர்” என்று சொல்லிக்கொண்டே வருவார். மற்ற நேரமெல்லாம் பூஜை அறையை ஒட்டிய சின்ன அறைதான் காக்பிட்.

“என்னங்க, ரசம் ஆறுது.”

“பத்தாயிரம் அடிக்குக் கீழே காக்பிட்ல வேற பேச்சு பேசக் கூடாது. ரூல்.”

“எப்ப மேலே போவீங்கன்னு சொல்லுங்க. அப்ப சூடு பண்றேன்.”

ரூல் நிஜமானதுதான். 1974-இல் அமெரிக்காவின் சார்லட் நகரில் விமானிகள் ஊர்க்கதை பேசிக்கொண்டே இறங்கப் போய்ப் பெரிய விபத்து. அதுவும் அதைப் போன்ற சிலவும் சேர்ந்துதான் 1981-இல் இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தன. போட்டவர்களுக்கு ரசம் ஞாபகத்தில் இருந்திருக்காது.

வீட்டுக் கணினியில் விமானம் ஓட்டும் இந்தக் கூட்டத்துக்குத் துக்கங்களும் தனி. மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 1982-இல் வந்தது. அதற்கு முன்பே புரூஸ் ஆர்ட்விக் என்பவர் ஆப்பிள் கணினிக்கு இப்படி ஒன்றை எழுதியிருந்தார். பல வருஷங்களுக்கு, மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரைத் திறந்தால் விமானம் நின்றுகொண்டிருக்கும் இடம் சிகாகோ ஏரிக்கரையிலுள்ள மெய்க்ஸ் ஃபீல்ட். 2003 மார்ச்சில் மேயர் டேலி ராத்திரியோடு ராத்திரியாக புல்டோசர் அனுப்பி, ஓடுபாதை நடுவில் பெரிய பெரிய எக்ஸ் குறிகளாகத் தோண்டிவிட்டார். கேப்டன் சிகாகோவைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனாலும் சேதி கேட்ட அன்று வங்கிக்கு லீவு போட்டார். என்ன காரணம் எழுதிக் கொடுத்தார் என்று மாமிக்கே தெரியாது.

வாட்சிம் என்று ஒன்று இருக்கிறது. உலகமெங்கும் இருக்கிற சிமுலேட்டர்காரர்கள் ஒருவர் விமானியாகவும் இன்னொருவர் கட்டுப்பாட்டுக் கோபுரமாகவும் இருந்து, சம்பளம் இல்லாமல் ஒருவரையொருவர் அதட்டிக்கொள்ளும் ஏற்பாடு. மேலதிகாரி ஒரு வார்த்தை சொன்னால் யூனியனைக் கூட்டிய மனுஷர், பிளஸ் டூ பையன் ஒருவன் “ஹோல்ட் பொசிஷன்” என்றால் அரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். பையனுக்கு டியூஷன் நேரமாகிவிட்டால் விமான நிலையமே மூடிவிடும்.

நிஜ விமானத்தில் இவர் பக்கத்து சீட் கிடைப்பது உங்கள் ஜாதகத்தைப் பொறுத்தது. இறக்கைக்குப் பின்னால் ஜன்னல் சீட்டாகப் பார்த்து வாங்குவார், ஃப்ளாப் இறங்குகிறதா என்று மேற்பார்வை பார்க்க. ஏர்பஸ் 320-இல் கிளம்புவதற்கு முன் காலடியில் நாய் குரைக்கிற மாதிரி ஒரு சத்தம் வரும். பக்கத்து அம்மா பயந்து, “கீழே யாரோ நாயை அடைச்சு வெச்சிருக்காங்க போல” என்றால் தீர்ந்தது. அது நாய் இல்லை, ஒரு ஹைட்ராலிக் அமைப்பிலிருந்து இன்னொன்றுக்கு அழுத்தத்தைக் கடத்துகிற கருவி என்று ஆரம்பித்து, மஞ்சள் ஹைட்ராலிக், பச்சை ஹைட்ராலிக் என்று கோயம்புத்தூர் வரும்வரை விளக்குவார். இறங்கும்போது சக்கரம் தொப்பென்று விழுந்து ஊரே முகம் சுளித்தால், இவர் மட்டும் தலையாட்டுவார். மழையில் நனைந்த ஓடுபாதையில் அழுத்தித்தான் இறக்க வேண்டும், பூ மாதிரி வைத்தால் டயர் தண்ணீர் மேல் வழுக்கிக்கொண்டு போகும் என்பது அவர் வாதம். சரியான வாதமும்கூட. என்ன, அன்றைக்கு மழை பெய்திருக்காது.

இப்பேர்ப்பட்டவருக்கு சான் ஹோசேயில் இருக்கும் மகன் அறுபதாவது பிறந்த நாளுக்கு ஒரு பரிசு கொடுத்தான். அந்த ஊர் ரீட்-ஹில்வியூ என்கிற சின்ன விமான நிலையத்தில் பயிற்சி ஆசிரியர் பக்கத்தில் உட்கார, செஸ்னா 172-ஐ நாமே கொஞ்ச நேரம் ஓட்டிப் பார்க்கலாம். கேப்டன் திரும்பி வந்து எங்களுக்குச் சொன்ன கதை ஒரு மாதிரி இருந்தது. மகன் பின் சீட்டிலிருந்து எடுத்த வீடியோ வேறு மாதிரி இருந்தது. நான் வீடியோவை நம்புகிறவன்.

முதலில் விமானத்தின் சைஸே அவரைக் கலங்கடித்திருக்கிறது. உள்ளே ஏறினால் பழைய பத்மினி கார். தோளோடு தோள் இடிக்க உட்கார வேண்டும், கதவை ஒரு தடவைக்கு இரண்டு தடவை அறைந்து சாத்த வேண்டும். ஆசிரியை அவருடைய பேத்தியைவிடக் கொஞ்சம் பெரியவள். அந்தப் பெண் இறக்கைக்கு அடியில் குனிந்து, பெட்ரோலை ஒரு குப்பியில் பிடித்து, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்க்கிறாள். கேப்டன் முகத்தில் ஒரு சந்தேகம். வீட்டில் கண்ட்ரோலையும் ஈயையும் சேர்த்து அமுக்கினால் எஞ்சின் தானாகவே கிளம்பிவிடும்.

தரையில் ஓட்டுவதற்குக் கைக்கு வேலையே கிடையாது, எல்லாம் கால். கேப்டன் வீட்டில் பெடல் இல்லை, மாமி பட்ஜெட்டில் அது பாஸாகவில்லை. விளைவு, மஞ்சள் கோட்டின் இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று செஸ்னா கோலம் போட்டுக்கொண்டே போகிறது. இவரோ கையால் யோக்கைக் கார் ஸ்டியரிங் மாதிரி முழுசாகத் திருப்பிக்கொண்டிருக்கிறார். ஆசிரியை ஒன்றும் சொல்லாமல் தன் பக்கத்துப் பெடலை மிதிக்கிறாள்.

ஆனால் ரேடியோவில் பேசினாரே, அதைச் சொல்ல வேண்டும். கோபுரம் கடகடவென்று சொன்னதை ஒரு எழுத்து பிசகாமல் திருப்பிச் சொன்னார். அந்தப் பெண் திரும்பிப் பார்த்தாள். இத்தனை வருஷம் வாட்சிம் பையன்களிடம் வாங்கிய வசவு அந்த ஒரு நிமிஷத்தில் பலித்தது.

மேலே போனதும் பழைய புத்தி. இடது பக்கம் வளைகுடா, வலது பக்கம் ஹாமில்டன் மலை உச்சியில் லிக் வானாய்வகத்தின் வெள்ளைக் குவிமாடம், நடுவில் நம் ஆள் உயரமானியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இரண்டாயிரத்து ஐந்நூறு அடி, ஒரு நூல் ஏறவில்லை, இறங்கவில்லை. “வெளியே பாருங்கள்” என்றாள். பார்த்துவிட்டு மறுபடி மீட்டருக்குப் போனார். இன்னொரு தடவை சொன்னாள். மூன்றாவது தடவை ஒரு வரைபடத்தை மடித்து மீட்டர்கள் மேல் செருகிவிட்டாள். சிமுலேட்டர்காரர்கள் வந்தால் ஆசிரியர்கள் இதைத்தான் செய்வார்களாம். இவர்களுக்கு வானம் ஓர் இடைஞ்சல்.

சரி, இடது பக்கம் பார்க்கலாம் என்று முடிவு செய்தார். வீட்டில் இடது பக்கம் பார்க்க யோக்கில் கட்டைவிரல் பொத்தானை அமுக்க வேண்டும், காட்சி திரும்பும். பழக்க தோஷம், அமுக்கினார். காட்சி திரும்பவில்லை. கழுத்து என்று ஒன்று இருப்பது ஞாபகம் வராமல் இன்னும் அழுத்தினார். நிஜ செஸ்னாவில் அந்த இடத்தில் இருப்பது ரேடியோவில் பேசுகிற பொத்தான். அதே சமயம் மலைப்பக்கத்துச் சூடான காற்று கீழிருந்து விமானத்தை ஒரு தூக்குத் தூக்கியது. “ஐயோ முருகா, பாஸ் பண்ணு, பாஸ் பண்ணு!” என்ற குரல் கிழக்கு சான் ஹோசே வானம் முழுக்கத் தெளிவாகக் கேட்டது.

கோபுரம் ஒரு நொடி யோசித்தது. பிறகு மரியாதையாகச் சொன்னது: “சே அகெய்ன்?”

அதற்கப்புறம் காலையில் மருமகள் செய்து போட்ட ரவா உப்புமா தன் நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டது. காகிதப் பையை ஆசிரியை சரியான நேரத்தில் நீட்டினாள். அதை வீடியோவில் மகன் வெட்டிவிட்டதாகச் சொல்கிறான், ஆனால் சத்தத்தை வெட்டவில்லை. இறக்கியதும் அவள்தான். கேப்டன் கேட்டால், “நான் யோக்கில் கை வெச்சிருந்தேன்” என்பார்.

தெளிந்து வந்தாரா என்றால், இல்லை. இந்த வியாதிக்கு நிஜ விமானம் மருந்தாக வேலை செய்வதில்லை. ஊர் திரும்பியதும், அந்தச் செஸ்னாவின் கண்ட்ரோல் கொஞ்சம் கனம், தன்னுடையதுதான் சரியான அளவில் செட் செய்யப்பட்டது என்று விளக்கினார். பெடல் வாங்கியாகிவிட்டது. மாமி தன் பங்குக்கு ஒரு நிபந்தனையோடு பாஸ் செய்தார்: விமானம் எங்கே இருந்தாலும் சரி, எட்டு மணிக்குச் சாப்பாடு.

ஆசிரியை ஒரு சின்ன லாக் புக்கில் அவர் பறந்த நேரத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தாள்: 0.6 மணி. அமெரிக்காவில் நிமிஷத்தைத் தசமத்தில்தான் எழுதுவார்கள். கேப்டன் அதைத் தன் பழைய கணக்கோடு கூட்டிக்கொண்டார்.

போன மாதம் ஒரு கல்யாணத்தில் பெண் வீட்டுப் பையன் ஒருவனை அறிமுகம் செய்துவைத்தார்கள். புதிதாக ஒரு விமான நிறுவனத்தில் துணை விமானியாகச் சேர்ந்தவன். பேச்சு வாக்கில், “நீங்களும் பறப்பீங்களா சார்? எவ்வளவு ஹவர்ஸ்?” என்றான்.

“ஆறாயிரம் புள்ளி ஆறு.”

பையன் சாம்பார் சாதத்தை விட்டுவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தான். “சார்! எந்த ஏர்கிராஃப்ட்ல?”

“ரிச்சி ஸ்ட்ரீட்ல அசெம்பிள் பண்ணினது” என்றார் கேப்டன், அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே. “பதினாறு ஜிபிதான் இருந்தது. இப்ப முப்பத்திரண்டாக்கிட்டேன்.”