கொசு பேட்டின் ஆயுள் ரகசியம்

பாலாற்றங்கரை ஊர்களில் பொழுது சாய்ந்ததும் கேட்கும் 'பட் பட்' ஓசை பட்டாசு அல்ல, கொசு பேட். வேலூர் முதல் ஆம்பூர் வரை பேட் வீசத் தெரியாத கை அபூர்வம். பல பேட்களுக்குள் இருப்பது 4 வோல்ட் ஈய-அமில பேட்டரி. காலியாகக் கிடந்தால் அதன் தகடுகளில் ஈய சல்பேட் படிந்து இறுகும். இரவெல்லாம் பிளக்கில் தொங்கினாலும் கெடும். சார்ஜ் நிறைந்ததும் தானே நிற்கும் வசதியை மலிவு பேட்களில் தேடக் கூடாது. சிவப்பு விளக்கு மட்டும் விடிய விடிய எரியும். எளிதில் மாற்ற முடியாத பேட்டரி செத்ததும் பேட்டும் குப்பைக்குப் போகும், கொசு நலம்.

இதே வட்டாரத்தில் தைக்கும் தோல் ஷூவுக்கு, சோல் தேய்ந்தால் வேறு சோல் போடலாம். தாத்தா காலத்து டார்ச்சில் பின்மூடியைத் திருகினால் புதுப் பேட்டரிக் கட்டை உள்ளே போய்விடும். சுவர்க் கடிகாரமோ ஒரே பென்சில் பேட்டரியில் ஓராண்டு ஓடுகிறது, முணுமுணுக்காமல்.

மத்திய அரசும் சும்மா இருக்கவில்லை. 121 ரூபாய்க்குக் குறைந்த மதிப்புள்ள கொசு பேட்களின் இறக்குமதிக்கு 2021 ஏப்ரலில் தடை விதித்தது. 2022இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகள், பழைய பேட்டரியைச் சேகரிக்கும் பொறுப்பைத் தயாரிப்பாளர் தலையில் வைத்தன. அதை முதலில் வெளியே எடுப்பது வாங்கியவரின் ஸ்க்ரூடிரைவர் சாமர்த்தியம்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2027 பிப்ரவரி 18 முதல், சில விலக்குகள் தவிர, சிறு கருவிகளின் பேட்டரியை வாங்கியவரே கழற்றி மாற்ற வழி இருந்தாக வேண்டும். அந்தச் சட்டம் இங்கே வரும்வரை காத்திருக்காமல், அடுத்த பேட் வாங்கும்போது "பேட்டரி மாத்த முடியுமாண்ணா?" என்று கடைக்காரரைக் கேட்டுப் பாருங்கள்.