முனையைச் சுற்றினால் மூன்றரை மாதம்

கேள்வி: மீன்பிடித் தடைக்காலம் என்கிறார்கள். ஆனாலும் சந்தையில் மீன் கிடைக்கிறதே, எப்படி?

பதில்: தடை விசைப்படகுகளுக்குத்தான், நாட்டுப்படகுகள் கடலுக்குப் போகலாம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், மீனுக்குப் பிரசவ விடுப்பு. 2017-க்கு முன் 45 நாள்தான் கொடுத்தோம். மேற்கில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அதனால் கன்னியாகுமரி மாவட்டத்தில் மே மாதம் சின்னமுட்டம் விசைப்படகுகள் ஓய்ந்திருக்க, குளச்சலில் வலை வீசுவார்கள். ஜூன் பாதிக்குமேல் அப்படியே தலைகீழ். முனையைச் சுற்றி நீந்தத் தெரிந்த மீனுக்கு மூன்றரை மாத விடுப்பு!

பெரிய படகுகளின் போட்டியில்லாமல் நாட்டுப்படகுக்காரர் நல்ல விலை பார்ப்பது இந்த நாட்களில்தான். நெத்திலிக்கும் சாளைக்கும் அவரிடம் பேரம் பேசாதீர்கள்.