இருட்டடி
1987 ஜனவரி 4. செக்கோஸ்லோவாக்கியாவின் பியெஷ்ட்யானி நகரம். இளையோர் உலக ஐஸ் ஹாக்கியில் சோவியத் யூனியனைக் கனடா 4-2 என முந்திக்கொண்டிருந்தது. சோவியத் அணிக்குப் பதக்க வாய்ப்பு ஏற்கெனவே பறிபோயிருந்தது. கனடாவுக்குத் தங்கம்கூடக் கைக்கெட்டும் தூரம்.

அந்தக் கைகள்தான் சும்மா இருக்கவில்லை. இரு அணிகளின் பெஞ்சும் காலியாகி, பனித்தளம் முழுக்க அடிதடி. விலக்கிப் பார்த்துச் சலித்த நடுவர்கள் நடையைக் கட்டினார்கள்.

அப்போது ஓர் அரிய யோசனை: அரங்கின் விளக்குகளை அணைத்துவிட்டார்கள். நாட்டுப்பற்றுக்கு வெளிச்சம் எதற்கு? சண்டை தொடர்ந்தது.

இரு அணிகளும் போட்டியிலிருந்து விலக்கப்பட, இதில் கைநீட்டாத பின்லாந்து தங்கத்தை வாங்கிக்கொண்டது. கனடியச் சிறுவர்களுக்கோ, டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் உரிமையாளர் ஹரால்ட் பல்லார்ட் தனியாகத் தங்கப் பதக்கங்கள் செய்து கொடுத்தார். சர்வதேசச் சம்மேளனம் தராவிட்டால் என்ன, ஊரில் பொற்கொல்லருக்கா பஞ்சம்!