கண் பந்தில், கால் மண்ணில்

கேள்வி: வேகப்பந்து வீச்சாளர் ஓடிவரத் தொடங்கினாலே என் கால் லெக் பக்கம் நழுவிவிடுகிறது. இந்தப் பயத்தை வெல்வது எப்படி?
- பள்ளி மாணவர், கொடைக்கானல்

பதில்: 140 கி.மீ. வேகப் பந்து உன்னை அடைய அரை நொடி போதும். பயம் வராவிட்டால்தான் ஆச்சரியம், தம்பி! அதிலும் உன் ஊரின் 2,100 மீட்டர் உயரத்தில் காற்று மெலிது. பந்து சற்று விரைவாகவே வரும். ஆனால், அதே காற்று ஸ்விங்கையும் குறைத்து உன் கட்சியில் சேர்ந்துகொள்கிறது.

1983 உலகக் கோப்பை இறுதியில் ஆண்டி ராபர்ட்ஸை நம் ஸ்ரீகாந்த் மண்டியிட்டு அடித்தார். அவருடைய 38 ரன்தான் அந்த ஆட்டத்தின் அதிகபட்சம். 2021இல் பிரிஸ்பேனில் உடம்பெல்லாம் அடிவாங்கியும் அசையாமல் 211 பந்துகள் நின்றார் புஜாரா. அதே இன்னிங்ஸில், முதல் டெஸ்ட் ஆடிய வாஷிங்டன் சுந்தர் கம்மின்ஸின் பந்தை ஹூக் செய்து சிக்சருக்கு அனுப்பினார். வீரம் அடிப்பதிலும் உண்டு, நிற்பதிலும் உண்டு.

வத்தலக்குண்டு மலைப்பாதையில் பஸ் ஓட்டுபவர் பள்ளத்தைப் பார்ப்பதில்லை, வளைவைப் பார்க்கிறார். நீயும் வீச்சாளரின் முறைப்பை விட்டுவிட்டு அவர் கையிலுள்ள பந்தைப் பார். பவுன்சர் வந்தால் முகத்தைத் திருப்பாதே. பார்த்தபடியே குனி அல்லது விலகு. ஹெல்மெட், கிளவுஸ், தொடைக் கவசம் இல்லாமல் வலைக்குள் போகாதே. முதலில் நனைத்த டென்னிஸ் பந்தைக் கிட்ட நின்று எறியச் சொல்லிப் பழகு. பிறகு கிரிக்கெட் பந்து. பயம் போகும்வரை காத்திருக்காதே. அதையும் நான்-ஸ்ட்ரைக்கராகக் கூட்டிக்கொண்டே களமிறங்கு!