டோல்கேட்டில் பிறந்த பரம்பரை

1967 வசந்த காலம். ஆஸ்லோவில் நார்வே கணினி மையம். வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த ஒருவர் மாடியிலிருந்து முகம் வெளிறி இறங்கி வந்து டெலிபோன் ஆபரேட்டரிடம் முறையிட்டார்: "மேல வராந்தாவுல, கரும்பலகைக்கு முன்னாடி ரெண்டு பேர் பயங்கரமா அடிச்சுக்கறாங்க. என்ன செய்யறது?" அந்த அம்மாள் வெளியே வந்து சில நொடிகள் காது கொடுத்துக் கேட்டார். "பதறாதீங்க. டாலும் நிகார்டும் சிமுலாவைப் பத்திப் பேசிட்டிருக்காங்க, அவ்வளவுதான்."

சண்டை போட்ட இருவருமே பிற்பாடு தங்கள் வரலாற்றுக் கட்டுரையில் இதை எழுதி வைத்திருக்கிறார்கள். எனவே ஆபீஸ் வம்பு என்று தள்ளிவிட முடியாது.

ஓலே-யோஹான் டால், கிறிஸ்டன் நிகார்ட் இருவரும் சேர்ந்து செய்த சிமுலா 67 என்ற கணினி மொழியிலிருந்துதான் கிளாஸ், ஆப்ஜெக்ட், ஒரு கிளாஸின் சொத்தை இன்னொரு கிளாஸ் அனுபவிப்பது எல்லாம் கிளம்பின. கடைசியில் சொன்னதற்கு நம் பிளஸ் ஒன் பாடப்புத்தகம் 'மரபுரிமம்' என்று பெயர் வைத்திருக்கிறது. காதில் விழுந்தால் ஜமீன் சொத்து வழக்கு நினைவுக்கு வரும். பாடம் நடத்துகிறவர்கள் விலங்கு, அதற்குக் கீழே நாய், பூனை என்று மரம் வரைந்து காட்டுவார்கள். ஆஸ்லோவில் நாயும் வரவில்லை, பூனையும் வரவில்லை. வந்தது லாரியும் பஸ்ஸும். அவை நின்றது ஒரு பாலத்து டோல்கேட்டில், கியூவில். மரபுரிமத்தின் பூர்வீகம் அந்தக் கியூ.

கியூவுக்கும் ஒரு பூர்வீகம் உண்டு. அங்கே போகுமுன் ரேஷன் கடை வரை ஒரு நடை போய்வந்துவிடலாம்.

கம்ப்யூட்டரில் பட்டியல் வைக்க முக்கியமாக ரெண்டு வழி. ஒன்று கல்யாணப் பந்தி. வரிசையாக இலை போட்டாயிற்று. ஏழாவது இலை எது என்றால் நேராகக் கை காட்டலாம். ஆனால் மாப்பிள்ளையின் பெரியப்பாவை நடுவில் உட்கார வைக்க வேண்டுமென்றால் அவருக்கு அப்புறம் இருப்பவர்கள் அத்தனை பேரும் சாம்பார் இலையோடு நகர வேண்டும். இது அர்ரே. இன்னொன்று ரேஷன் கடை வாசல். ஒருவர் வேப்பமரத்தடியில், ஒருவர் டீக்கடையில், ஒருவர் எதிர்வீட்டுத் திண்ணையில். "எனக்கு அடுத்து அந்தச் செவப்புச் சேலை அக்கா" என்று ஒவ்வொருவருக்கும் தெரிந்தால் போதும், வரிசை வரிசையாகவே இருக்கும். நடுவில் ஒருவர் நுழைய ஒரே ஒரு ஆள் மனசு வைத்தால் ஆயிற்று. ஏழாவது ஆள் யார் என்று கேட்டால்தான் வினை: முதல் ஆளில் ஆரம்பித்து ஒவ்வொருவராக விசாரித்துக்கொண்டே போக வேண்டும். இது லிங்க்ட் லிஸ்ட்.

இந்த ரேஷன் கடையை 1955-56 வாக்கில் பெரிய அளவில் திறந்தவர்கள் ஆலன் நியூவெல், கிளிஃப் ஷா, ஹெர்பர்ட் சைமன் என்ற மூன்று அமெரிக்கர்கள். கணிதத் தேற்றங்களைத் தானே நிரூபிக்கும் 'லாஜிக் தியரிஸ்ட்' என்ற புரோகிராமை எழுதக் கிளம்பினார்கள். நிரூபணம் எவ்வளவு தூரம் நீளும் என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. எத்தனை பேர் வருவார்கள் என்று தெரியாத கல்யாணத்துக்கு எப்படி இலை போடுவது? அதனால் பந்தியைக் கைவிட்டு, ஒன்று அடுத்ததைக் காட்டும் சங்கிலிக்கு வந்தார்கள். அதற்கென்றே ஐபிஎல் என்று ஒரு மொழியும் செய்தார்கள். (கிரிக்கெட்டுக்கு அரை நூற்றாண்டு முந்தைய ஐபிஎல். பார்க்க ஆள் இல்லை.)

புரோகிராம் மெஷினில் ஏறுவதற்குள் சைமனுக்குப் பொறுக்கவில்லை. 1956 ஜனவரியில் ஒரு நாள் மனைவி, மூன்று பிள்ளைகள், சில மாணவர்கள் எல்லோரையும் பிட்ஸ்பர்க்கில் தன் கல்லூரிக் கட்டடத்தில் கூட்டினார். ஆளுக்கொரு அட்டை கொடுத்து, "நீதான் இந்தப் பகுதி, உன் முறை வந்தால் அட்டையில் உள்ளபடி செய்" என்றார். செயற்கை அறிவின் முதல் வெள்ளோட்டம் அப்பா பேச்சைக் கேட்டே ஆகவேண்டிய பிள்ளைகளை வைத்து நடந்தது. சோதித்த 52 தேற்றங்களில் 38ஐ அந்தப் புரோகிராம் நிரூபித்தது. அதில் ஒரு நிரூபணம், ரஸ்ஸலும் வொயிட்ஹெட்டும் தங்கள் நூலில் எழுதியதைவிட நேர்த்தியாக இருந்தது. புரோகிராமையும் ஆசிரியராகப் போட்டு ஒரு தர்க்கவியல் இதழுக்கு அனுப்பினார்கள். ஆசிரியர் குழு திருப்பி அனுப்பிவிட்டது. 1975இல் கணினித் துறையின் டூரிங் பரிசு நியூவெலுக்கும் சைமனுக்கும் போனது. உட்கார்ந்து மெஷினில் ஓட வைத்த ஷாவுக்கு இல்லை. புரோகிராமர் சாபம் அப்போதே தொடங்கிவிட்டது.

அடுத்து வந்தவர் ஜான் மெக்கார்த்தி. 1958இல் எம்ஐடியில் லிஸ்ப் மொழியை ஆரம்பித்தார். கையில் இருந்தது ஐபிஎம் 704. அதன் ஒரு சொல்லுக்கு 36 பிட். அதற்குள் 15 பிட்டில் ஓர் அறை, இன்னொரு 15 பிட்டில் மற்றோர் அறை. ஒன்றில் 'என்னிடம் இருப்பது', மற்றதில் 'எனக்கு அடுத்தவர்'. முதல் அறையைப் படிப்பதற்குப் பெயர் கார், மற்றதற்குக் குடர். அந்த மெஷினின் உறுப்புப் பெயர்களைச் சுருக்கியதால் வந்த பெயர்கள் அவை. மெஷின் பழைய இரும்புக்குப் போன பிறகும் பெயர்கள் போகவில்லை. இன்றைக்கும் லிஸ்ப் எழுதுகிறவர்கள் காரும் குடரும் என்றுதான் பேசுகிறார்கள். நம் மொழியில் குடர் என்றால் குடல். மீதி லிஸ்ட் முழுவதையும் உருவி எடுத்துக்கொண்டே போகும் காரியத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயரை அவர் யோசித்துக்கூட வைத்திருக்க முடியாது.

சங்கிலியில் ஒரு சிக்கல். ஒருவரை வரிசையிலிருந்து கழற்றிவிட்டால் அவர் இடத்தை யார் திரும்ப எடுத்துக்கொள்வது? யாரும் கை காட்டாத ஆட்களைத் தேடிப்பிடித்து இடத்தை மீட்கும் வேலையை மெஷினிடமே விட்டார் மெக்கார்த்தி. தங்களுக்குள் அதற்கு வைத்திருந்த பெயர் குப்பை பொறுக்குதல். 1960இல் வெளியான கட்டுரையில் அந்தச் சொல்லைக் காணோம். தனக்குத் தைரியம் வரவில்லை, அல்லது ஆய்வகத்தில் இலக்கணம் பார்க்கும் அம்மணிகள் விடவில்லை என்று பல வருஷம் கழித்து ஒப்புக்கொண்டார்.

மறைத்தது ஒருநாள் சந்திக்கு வந்தது. தொழில் நிறுவனத்தாரைக் கூட்டி வைத்து லிஸ்ப்பை நேரடியாக ஓட்டிக் காட்டினார். மெல்ல என்றாலும் எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று டைப் மெஷின் நொடிக்குப் பத்து எழுத்து வேகத்தில் தானாக அடிக்க ஆரம்பித்தது: குப்பை பொறுக்கி அழைக்கப்பட்டுவிட்டார், சில சுவையான புள்ளிவிவரங்கள் பின்வருமாறு. அடித்துக்கொண்டே போனது. குப்பை என்று ஒரு பேச்சே அதுவரை எடுக்கவில்லை. ஒதுக்கிய நேரம் முழுவதையும் அந்தச் செய்தியே தின்றுவிடும் என்று தெரிந்தது. கூட்டமும் சிரித்து உருண்டது, பேச வந்தவரும் சிரித்து உருண்டார். யாரோ விளையாட்டுப் பிள்ளை இவர்களைக் கவிழ்த்துவிட்டான் என்று சிலர் நினைத்திருக்கலாம் என்கிறார் மெக்கார்த்தி.

கடைசி ஆளுக்கு அடுத்தவர் யார்? யாருமில்லை. அந்த 'யாருமில்லை'யை 1965இல் டோனி ஹோர் என்ற கணினி அறிஞர் ஒரு மொழியில் போட்டுவைத்தார். போடுவது சுலபமாக இருந்தது, போட்டேன் என்றார். 2009இல் லண்டனில் மேடையேறி, அது நூறு கோடி டாலர் தவறு என்று மன்னிப்புக் கேட்டார். அந்த 'யாருமில்லை'யில் புரோகிராம் இடறி விழுந்து, நள்ளிரவில் போன் வந்து எழுந்து உட்கார்ந்த எவரும் அந்தத் தொகை குறைச்சல் என்பார்கள்.

இப்போது ஆஸ்லோ. 1966 முடிந்து 1967 பிறக்கும் சமயம். டாலும் நிகார்டும் பாலம், டோல்கேட், கியூ என்று எழுதிப் பார்க்கிறார்கள். லாரி வேறு, பஸ் வேறு. லாரிக்குச் சரக்கு, பஸ்ஸுக்குப் பயணி. ஆனால் ரெண்டும் கியூவில் நிற்க வேண்டும். முன்னால் யார், பின்னால் யார் என்கிற சமாசாரத்தை லாரிக்கு ஒரு தடவை, பஸ்ஸுக்கு ஒரு தடவை எழுதுவதா? நாளை மாட்டுவண்டி வந்தால்? வெறும் கியூவை மட்டும் தனியாக எழுதினார்கள்: ஒரு தலை, அதன் பின் எத்தனை வேண்டுமானாலும் 'லிங்க்'. எழுதி முடித்துப் பார்த்தபோதுதான் பொறி தட்டியது. லாரியை அந்த லிங்க்கோடு ஒட்டிவிட்டால் என்ன? லிங்க்கும் லாரியும் சேர்ந்து ஒரே உருப்படி. பஸ்ஸும் அப்படியே.

சிமுலாவில் இதை 'லிங்க் கிளாஸ் லாரி' என்று எழுத வேண்டும். அப்பன் பெயர் முன்னால், பிள்ளை பெயர் பின்னால். மரபுரிமம், இன்ஹெரிட்டன்ஸ் என்ற பெரிய வார்த்தைகள் எல்லாம் பிற்பாடு வந்தவை. அவர்கள் வைத்த பெயர் முன்னொட்டு. நமக்கு விளக்கவே வேண்டாம், இது இனிஷியல். லி. லாரி, லி. பஸ். ஒரே அப்பா, அதனால் ரெண்டு பேருக்கும் கியூவில் நிற்கத் தெரியும்.

சிமுலாவோடு வந்த சிம்செட் என்ற கிளாஸ்தான், கிளாஸும் ஆப்ஜெக்ட்டுமாக எழுதும் பொருள்நோக்கு நிரலாக்கத்தின் முதல் லிஸ்ட் கடை. ஒவ்வொரு லிங்க்குக்கும் முன்னவரும் தெரியும், பின்னவரும் தெரியும். வெளியே போக 'அவுட்': எனக்கு முன்னிருப்பவரும் பின்னிருப்பவரும் கை கோர்த்துக்கொண்டால் நான் வரிசையில் இல்லை, முடிந்தது. எனக்குப் பிடித்தது அந்தத் 'தலை'. அது லாரியுமல்ல, பஸ்ஸுமல்ல. ரேஷன் கடை வாசலில் முதல் ஆளுக்கும் முன்னால் கிடக்கும் செங்கல். அது சர்க்கரை வாங்காது. ஆனால் ஒருவருமே இல்லாத நேரத்திலும் வரிசை எங்கே ஆரம்பிக்கிறது என்று அதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். இன்னொரு கண்டிப்பு: ஒரே நேரத்தில் ரெண்டு கியூவில் நிற்க முடியாது. அங்கே நுழைந்தால் இங்கே தானாக விலக்கிவிடும். பையைச் சர்க்கரைக்கும் பாட்டிலை மண்ணெண்ணெய்க்கும் வைத்துவிட்டு டீ குடிக்கப் போகிறவர்களுக்குச் சிம்செட் ஒத்துவராது.

அந்த நிகார்ட்தான் 1994இல் நார்வே ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரக் கூடாது என்ற இயக்கத்துக்குத் தலைமை தாங்கினார். நாடு அவர் சொன்னபடியே வாக்களித்தது. வரிசையில் சேர வழி எழுதிக் கொடுத்தவர் நாட்டை வரிசைக்கு வெளியே நிறுத்திவிட்டார்.

ஜாவா மொழிக்கு லிங்க்ட் லிஸ்ட் வந்தது 1998 டிசம்பரில், ஜோஷுவா பிளாக் கைவண்ணத்தில். அங்கே ஒரு குடும்பத் தகராறு. அப்பா பெயர் அப்ஸ்ட்ராக்ட் லிஸ்ட்: ஏழாவது ஆள் யார் என்று மட்டும் எனக்குச் சொல்லு, ஒவ்வொருவராகப் பார்த்துப் போவதை நான் அதை வைத்துச் செய்துகொள்கிறேன் என்பார். பிள்ளை அப்ஸ்ட்ராக்ட் சீக்வென்ஷியல் லிஸ்ட் நேர் எதிர்: ஒவ்வொருவராகப் போக மட்டும் வழி காட்டு, ஏழாவது ஆளை நான் நடந்தே கண்டுபிடிக்கிறேன். அப்பன் சொன்னதற்குத் தலைகீழாகச் செய்கிற பிள்ளை எல்லா வீட்டிலும் உண்டு. லிங்க்ட் லிஸ்ட் இந்தப் பிள்ளையின் பிள்ளை.

தாத்தா வீட்டு உறவால் வந்த ஆபத்து என்னவென்றால், ஏழாவதைக் கேட்கும் 'கெட்' இவனிடமும் உண்டு; வெளியிலிருந்து பார்த்தால், பந்தி போல இலை போடும் அர்ரே லிஸ்ட்டின் 'கெட்' போலவே இருக்கும். பக்கத்து முனையிலிருந்து எண்ண ஆரம்பிக்கும் அளவுக்குப் பையன் சமர்த்து. அப்படியும், ஒரு லட்சம் பேர் உள்ள லிஸ்ட்டில் முதல் ஆள், ரெண்டாவது ஆள் என்று எண் சொல்லிக் கடைசி வரை கேட்டால் ஒரு கேள்விக்குச் சராசரி 25,000 அடி, மொத்தம் 250 கோடி அடி. ஒவ்வொருவராகக் காட்டிக்கொண்டே போகும் இட்டரேட்டரோடு கூடவே நடந்திருந்தால் ஒரு லட்சம் அடி. இப்படி ஒரு லூப்பை நானே எழுதி, மாதக் கடைசியில் ஒரு ரிப்போர்ட்டை மதியம் வரை ஓட வைத்திருக்கிறேன். என் முதல் இன்டர்வியூவில் லிங்க்ட் லிஸ்டைத் திருப்பிப் போட்டுக் காட்டித்தான் அந்த வேலை கிடைத்தது என்பது கூடுதல் அவமானம். போதாததற்கு, இன்றைய பிராசஸருக்குப் பந்திதான் பிடிக்கிறது. பக்கத்துப் பக்கத்தில் இருப்பவர்களைக் கூட்டாக அள்ளிக்கொள்ளும். வேப்பமரம், டீக்கடை என்று அலையச் சொன்னால் முகம் சுளிக்கும்.

டாலுக்கும் நிகார்டுக்கும் 2001ஆம் ஆண்டுக்கான டூரிங் பரிசு கிடைத்தது. அடுத்த வருஷம் ஜூன் 29இல் டாலும் ஆகஸ்ட் 10இல் நிகார்டும் காலமானார்கள். 2015இல் ஜோஷுவா பிளாக் ட்விட்டரில் ஒரு கேள்வி போட்டார்: லிங்க்ட் லிஸ்டை யாராவது நிஜமாகவே பயன்படுத்துகிறீர்களா? எழுதியவன் நான், நான் தொடுவதே இல்லை.

எனவே இன்டர்வியூவில் லிங்க்ட் லிஸ்டைத் திருப்பிப் போடச் சொன்னால் முணுமுணுக்காமல் போட்டுக் காட்டுங்கள். வேலை கிடைத்ததும் அர்ரே லிஸ்ட்டுக்கு மாறிவிடுங்கள்.