அட்வான்ஸ் மீட்பு இயல்

சென்னையில் குடிபோகிறவர் பத்து மாத வாடகையை அட்வான்ஸ் என்று ஹவுஸ் ஓனர் கையில் கொடுப்பது நெடுநாள் மரபு. அந்தப் பணம் போகும் வழி ஊருக்கே தெரியும். திரும்பும் வழிக்குத்தான் இன்னும் யாரும் இலக்கணம் செய்யவில்லை. அதிலும் பதினொரு மாத ஒப்பந்தம் முடியுமுன், ஐந்தாம் ஆறாம் மாதத்திலேயே காலி செய்பவருடைய நிலை தனி ஆய்வுக்குரியது. அகத்திணைக்கு முன்னோர் வகுத்த முதல், கரு, உரி என்னும் முப்பொருளையே இங்கும் கையாள்கிறோம். கைவசம் வேறு கருவி இல்லை.

முதற்பொருள் நிலமும் பொழுதும். ஓனர் கீழே, குடித்தனக்காரர் மாடியில் என்றால் அது மருதம். ஊடல் மாடிப்படியிலேயே நடந்து முடியும். ஓனர் அமெரிக்காவில் மகன் வீட்டில் இருந்தால் அது பாலை. வாட்ஸ்அப்பில் நீல டிக் விழும், பதில் விழாது. பெரும்பொழுதுகளில் கொடியது ஆடி. அந்த மாதம் புதிதாக யாரும் குடி வரமாட்டார்கள். ஆகவே ஆனிக் கடைசியில் காலி செய்தவர் ஆவணி பிறக்கும்வரை காத்திருந்தாக வேண்டும்.

அடுத்தவர் குடி வருவதற்கும் நம் பணத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். இவ்வாய்வின் மையக் கண்டுபிடிப்பே அதுதான்: அட்வான்ஸ் ஓனரிடம் இல்லை. நீங்கள் கொடுத்தது உங்களுக்கு முன்னால் இருந்தவருக்குப் போயிற்று. அவர் கொடுத்தது அவருக்கு முன்னவருக்கு. இப்படியே பின்னோக்கிப் போனால் ஆதிக் குடித்தனக்காரர் ஒருவர் அகப்படுவார். அவருடைய பணம் மாடியில் ரூம் எடுத்ததிலோ, ஓனரின் மூத்த மகள் கல்யாணத்திலோ கலந்து முக்தி அடைந்துவிட்டது. எனவே “புது ஆள் வரட்டும் சார், வந்ததும் கொடுத்துடறேன்” என்பதைச் சாக்கு என்று தள்ளிவிட முடியாது. அது தூய பொருளியல். வங்கிகளும் ஏறக்குறைய இப்படித்தான் நடக்கின்றன. ஆனால் அவை பெயின்ட் செலவைப் பிடித்துக்கொள்வதில்லை.

கருப்பொருளில் தலையாயது அந்தப் பெயின்ட். மூன்று வருடம் இருந்தாலும் மூன்று மாதம் இருந்தாலும் பிடிப்பது ஒரு மாத வாடகைதான். இயல்பான தேய்மானம் போக, வாங்கிய நிலையில் வீட்டைத் திருப்பிக் கொடுத்தால் போதும் என்கிறது 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம், 108ஆம் பிரிவில். ஓனர் கண்ணுக்குத் தேய்மானம் என்று ஒன்று தெரிவதே இல்லை. அடுத்தது ஆணி. முன்னவர் அடித்ததும் கடைசியாக இருந்தவர் கணக்கில்தான் ஏறும். ஈபி ரீடிங் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுக்கப்படுவதால், “அடுத்த பில் வரட்டும், மொத்தமா பார்த்துக்கலாம்” என்ற வாக்கியத்துக்கு அரசு அங்கீகாரமே இருப்பதாகக் கொள்ளலாம்.

சட்டம் சும்மா இருக்கவில்லை. தமிழக அரசு 2017இல் இயற்றி 2019இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லியிருந்தாலன்றி மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது. அந்த ‘வேறுவிதமாக’வுக்குள் பத்து மாத வாடகையும் கால் நீட்டிப் படுத்துக்கொள்கிறது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், பாக்கி இருந்தால் கழித்துக்கொண்டு, மீதியைத் தர வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. எந்த மாதம் என்பதில் ஓனர்கள் தரப்பில் உரைவேறுபாடு உண்டு.

“கடைசி மாசங்களோட வாடகையை அட்வான்ஸ்ல கழிச்சுக்கோங்க” என்று சொல்லிவிட்டுக் கொடுப்பதை நிறுத்திக்கொள்வதே உத்தமம் என்பர் ஒரு சாரார். கணக்களவில் இது பிழையற்றது. இம்முறையைக் கைக்கொண்ட வீடுகளில் தண்ணீர் மோட்டார் அடிக்கடி ரிப்பேராகும் என்பதை மட்டும் அவர்கள் எழுதி வைப்பதில்லை.

உரிப்பொருள் முல்லையின் இருத்தலில் தொடங்கி நெய்தலின் இரங்கலில் முடியும். ஞாயிறு காலை போய்க் கேட்பது, காபி கொடுத்து அனுப்பிவைக்கப்படுவது, மறு ஞாயிறு மீண்டும் போவது. காபி நன்றாக இருந்தால் பணம் வர நாளாகும் என்று அறிக. இதிலிருந்து மீள ஒரே வழி, காலி செய்பவரே அடுத்த ஆளைப் பிடித்து வருவது. நேற்றுவரை எந்த வீட்டைத் திட்டினாரோ அந்த வீட்டுக்கே அவர் கூலியில்லாத புரோக்கர் ஆகிறார். கிழக்கு பார்த்த வாசல் என்பார், மெட்ரோ வாட்டர் ஒருநாள் தப்பாமல் வரும் என்பார், பக்கத்து மண்டபத்து ஒலிபெருக்கியைப் பற்றி வாய் திறக்கமாட்டார். இவ்வளவு நல்ல வீட்டை ஏன் பாதியில் விடுகிறீர்கள் என்று வந்தவர் கேட்டால், “ட்ரான்ஸ்ஃபர் சார்.”

வந்தவர் குழாயைத் திறந்து பார்ப்பார், ஜன்னலைச் சாத்திப் பார்ப்பார். பிறகு குரலைத் தாழ்த்தி, “ஓனர் எப்படி? காலி பண்ணும்போது அட்வான்ஸை ஒழுங்கா திருப்பிக் கொடுப்பாரா?” என்பார்.

“தங்கமான மனுஷர் சார்.”