இருக்கட்டும் சார்

எங்கள் அலுவலகத் தமிழில் 'காலம்' என்றால் நெடுவரிசை. விற்பனை அட்டவணையில் அப்படி 140 காலங்கள். அதில் ஒன்று வாடிக்கையாளரின் ஃபேக்ஸ் எண். முக்கால்வாசி காலி. "எடுத்துடலாமா சார்?" என்றேன். "இருக்கட்டும்ப்பா, எப்பவாவது தேவைப்படும்." அன்று முதல் அவர் எங்களுக்கு இருக்கட்டும் சார்.

பரண் வைத்த வீட்டில் பிறந்தவர். கைப்பிடி போன குக்கர், பழைய கல்யாணப் பத்திரிகைக் கட்டு எல்லாம் அங்கே ஏறியதுண்டு, இறங்கியதில்லை. அந்தப் பரணைத்தான் பவர் பிஐ என்ற ரிப்போர்ட் மென்பொருளுக்குள் கட்டியிருந்தார்.

திங்கட்கிழமை மீட்டிங்கில் ரிப்போர்ட்டைத் திறந்தால் வட்டம் சுற்றும். மேலதிகாரி முறைப்பார். "ரேம் பத்தல சார்" என்பார் நம்மவர். ரேம் வந்தது. வட்டம் நிற்கவில்லை. "அப்ப நெட்டுதான் ஸ்லோ." நாங்கள் டீ குடித்துவிட்டு வந்தோம்.

ரேம் பாவம், என்ன செய்யும்? பவர் பிஐ ஒவ்வொரு காலத்தையும் தனித்தனியாகச் சுருக்கி வைக்கும். 'மதுரை' லட்சம் முறை வந்தாலும் ஊர்ப்பெயரை ஒருமுறை எழுதி, மற்ற இடங்களில் எண் போட்டுக்கொள்ளும். சுருங்க மறுப்பது திரும்ப வராத மதிப்புதான். சாரோ பில் போட்ட நேரத்தை விநாடி வரைக்கும் ஒரே காலத்தில் வைத்திருந்தார். ஒரு வருடத்துக்கு 3,15,36,000 விநாடி. தேதியையும் நேரத்தையும் பிரித்தால் 365 தேதி, 86,400 நேரம், அவ்வளவே. நேரமே வேண்டாம் என்றால் இன்னும் சுகம். யாரும் கேட்டதில்லை. இருந்தாலும், இருக்கட்டும்.

ஒவ்வொரு தேதிக் காலத்துக்கும் பவர் பிஐ தானாகவே மறைவாக ஒரு காலண்டர் மாட்டும். அதை அணைக்க வசதி உண்டு. ஜவுளிக்கடை ஓசிக் காலண்டரை வேண்டாம் என்று சொல்லியறியாதவர் இதையா அணைப்பார்?

அட்டவணைகளின் உறவுகளில் எல்லாம் இருபக்க அம்புக்குறி. வாடிக்கையாளர், பொருள், தேதி ஆகியவை சுற்றி நிற்க, நடுவில் இருக்கும் விற்பனையை நோக்கி ஒருவழிப் பாதையாக வடிகட்டினால் போதும் என்று சொல்லிப் பார்த்தேன். "உறவுன்னா ரெண்டு பக்கமும் போக்குவரத்து இருக்கணும்ப்பா." இதற்கு எந்தப் புத்தகத்தில் பதில் தேடுவது?

மகள் கல்யாணத்துக்கு அவர் ஒரு வாரம் லீவு போட்டார். பரணை ஒழித்தேன். 140 காலம் 23 ஆனது. அம்புகள் ஒரு பக்கம் திரும்பின. காலண்டர் ஒன்றே ஒன்று.

திரும்பி வந்தவர் ரிப்போர்ட்டைத் திறந்தார். இரண்டே விநாடி. முகம் வாடிவிட்டது. மூடித் திறந்தார். மறுபடி இரண்டு விநாடி.

"ஏம்ப்பா, இவ்வளவு சீக்கிரம் வருதே, கணக்கு முழுசா வருதா?"

கால்குலேட்டரை எடுத்து மத்தியானம் வரை கூட்டினார். பைசா பிசகவில்லை. அப்போதும் மனசு ஆறவில்லை.

சாயங்காலம் பொது ஃபோல்டரில் புதிதாக ஒரு ஃபைல்: 'பழையது_கடைசி_அழிக்கவேண்டாம்'. திறந்து பார்த்தேன். ஃபேக்ஸ் எண் பத்திரமாக இருந்தது. அதற்குள் டீ ஆறிவிட்டது.